'இவ்வளவு தூரம் வந்துட்டோமே!' - அமெரிக்கப் பாறை இடுக்கில் திருமூர்த்தி மலையை நினைத்த திருப்பூர் இளைஞர்

வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது. தலைக்கு மேலே ஒரு பொட்டு மேகம் இல்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இருக்கும் பேஜ் என்ற சின்ன ஊர். ஆன்டெலோப் கேன்யனுக்கு ஆட்களை அழைத்துப்போகும் அலுவலகத்தின் வாசலில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் திருப்பூர் பனியன் கம்பெனி முதலாளி. இன்னொருவர் அதே கம்பெனியில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கும் 29 வயது இளைஞர். மூன்றாவது ஆள், அரிசோனாவில் படிக்கும் முதலாளியின் உறவுக்காரப் பையன். அவன்தான் கார் ஓட்டி வந்தவன்.

"இன்னைக்கு டூர் ரத்து. மழை அபாயம் இருக்கு. பணத்தைத் திருப்பித் தந்துடறோம்" என்று கவுன்ட்டரில் இருந்த பெண் சொல்லிவிட்டார்.

முதலாளிக்கு முகம் சுருங்கிப்போனது. "என்ன தம்பி இது? நம்ம ஊரு சித்திரை வெயில் மாதிரி காயுது. இதுல எங்க மழை? 440 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்திருக்கோம்!"

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. லாஸ் வேகாஸில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் 'மேஜிக்' ஆடைக் கண்காட்சிக்கு வந்தவர்கள் அவர்கள். பையர்களைப் பார்த்து, சாம்பிள் காட்டி, விலை பேசி முடித்த பிறகு கையில் மிஞ்சியது ஒரே ஒரு நாள். மறுநாள் இரவு விமானம். இந்த ஒரு நாளுக்காகத்தான் விடியும் முன் எழுந்து கிளம்பியிருந்தார்கள்.

தண்ணீர் செதுக்கிய சந்து

ஆன்டெலோப் கேன்யனின் படத்தை நீங்களும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். ஆரஞ்சும் செந்நிறமும் கலந்த பாறைச் சுவர்கள், காற்றில் அலையும் துணி மாதிரி வளைந்து வளைந்து போகும். நடுவில் மேலிருந்து ஒற்றை ஒளிக்கற்றை விழும். இதுபோன்ற இடங்களை 'ஸ்லாட் கேன்யன்' என்கிறார்கள். அகலம் குறைவு, ஆழம் அதிகம். சில இடங்களில் இரண்டு கைகளை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடும். தலைக்கு மேலே பல மாடி உயரத்துக்குப் பாறை. வானம் ஒரு கோடாகத்தான் தெரியும்.

இந்தச் சந்தைச் செதுக்கியது தண்ணீர். மழை பெய்யும்போதெல்லாம் மணலை அள்ளிக்கொண்டு பாயும் வெள்ளம், மணற்பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து உருவாக்கியது. அந்த நிலத்தின் சொந்தக்காரர்களான நவஹோ பழங்குடியினர் இதன் மேல்பகுதிக்கு வைத்திருக்கும் பெயரின் பொருளே 'பாறைகளுக்குள் தண்ணீர் ஓடும் இடம்' என்பதுதான். சுற்றுலாப் பயணிகளின் கண்ணுக்கு அது அழகான குகை. நவஹோ மக்களைப் பொறுத்தவரை, இப்போதைக்குத் தண்ணீர் இல்லாமல் இருக்கும் ஓர் ஓடை. நம் கொங்கு நாட்டில் 'பள்ளம்' என்போமே, அதுதான்.

கவுன்ட்டர் பெண் வெளியே வந்து தூரத்து அடிவானத்தைக் கையால் காட்டினார். பென்சிலால் தேய்த்த மாதிரி சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று தெரிந்தது. அங்கே பெய்யும் மழை இந்த ஓடை வழியாகத்தான் இறங்கும் என்றார். அவர் குரலில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. தினமும் சொல்லும் விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போதுதான் உறவுக்காரப் பையன் செல்போனை நீட்டினான். "மாமா, இங்கிருந்து ஒரு மணி நேரத்துல வயர் பாஸ்னு இன்னொரு ஸ்லாட் கேன்யன் இருக்கு. யூட்டா பக்கம். அங்க கைடு எல்லாம் வேண்டாம். நாமளே நடந்து போகலாம்."

முதலாளி முகத்தில் மறுபடி வெளிச்சம். "அப்புறம் என்ன, வண்டிய எடு. இவ்வளவு தூரம் வந்துட்டோமே, எட்டிப் பார்த்துட்டாவது போலாம்."

'இவ்வளவு தூரம் வந்துட்டோமே!' அந்த வார்த்தையைக் கேட்டதும் இளைஞருக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது.

ஆடிக்காற்றும் ஒரு வேனும்

அப்போது அவருக்கு 13 வயது. அம்மா ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். திங்கள் முதல் சனி வரை ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை இரவு சம்பளம். ஞாயிறு ஒருநாள்தான் விடுமுறை, அதிலும் பாதி துணி துவைப்பதில் போய்விடும். அந்த வருடம் ஆடி மாதத்தில் அம்மாவோடு வேலை பார்த்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வேன் பிடித்தார்கள். உடுமலைப்பேட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் திருமூர்த்தி மலைக்குப் பயணம். அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு, மேலே ஏறி பஞ்சலிங்க அருவியில் குளிப்பது திட்டம். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் தூக்குப்போசியில் தயார்.

அருவிக்குப் போகும் வழியில் ஒரு காவலர் தடுத்தார். "மேல மழைங்க. இன்னைக்கு அருவிக்கு விடமாட்டோம்."

வேனில் வந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஆடிக்காற்று மரங்களைப் போட்டு ஆட்டியதே தவிர, ஒரு சொட்டு மழை இல்லை. "ஏனுங்க, மானம் வெறிச்சுன்னு கெடக்குது, மழைங்கறீங்க?" என்று ஒருவர் எகிறினார். "வாரத்துல ஒரு நாள் லீவுங்க. வேன் வாடகை யாரு குடுப்பாங்க? இவ்வளவு தூரம் வந்துட்டமே, காலையாச்சும் நனைச்சுட்டு வந்தர்றோம்" என்று இன்னொருவர் கெஞ்சினார். காவலர் அசையவில்லை. சிறுவனுக்கு அழுகையே வந்துவிட்டது. புது டவலும் மாற்று டிரவுசரும் பையிலேயே கிடந்தன.

கோயிலுக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் உட்கார்ந்து எல்லோரும் வாய் பேசாமல் புளிசாதம் சாப்பிட்டார்கள். முடிப்பதற்குள் மேலிருந்து ஒரு சத்தம். நூறு பவர்லூம் ஒன்றாக ஓடுவது போன்ற இரைச்சல். கோயிலை ஒட்டிப் பளிங்கு மாதிரி ஓடிக்கொண்டிருந்த ஓடை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீ நிறமாக மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. அடுத்த சில நிமிடங்களில், சற்று முன்பு குழந்தைகள் கால் நனைத்த பாறைகள் எதுவும் தெரியவில்லை.

யாரும் பேசவில்லை. அம்மா மட்டும் மகனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "நம்ம தலைமேல பேஞ்சாத்தான் மழைன்னு இல்ல கண்ணு."

அம்மாவுக்கு அந்தப் பயம் இருந்ததற்குக் காரணம் உண்டு. 2008-ம் ஆண்டு இதே பஞ்சலிங்க அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்களைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. பலர் உயிரிழந்தார்கள். மலைக்கு மேலே குருமலை, குழிப்பட்டி பக்கம் உள்ள காடுகளில் பெய்யும் மழை, கீழே இருப்பவர்கள் கண்ணில் படாமலேயே ஓடையாகத் திரண்டு இறங்கிவிடும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம்.

11 பேர் போன நாள்

ஆன்டெலோப் கேன்யனிலும் நடந்தது அதேதான். 1997 ஆகஸ்ட் 12. கேன்யனின் கீழ்ப்பகுதியில் சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் நின்ற இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. பல கிலோமீட்டர் தள்ளி மேட்டுப் பகுதியில் கொட்டிய இடிமழை, சந்துக்குள் சுவர் மாதிரி வந்தது. 11 பேர் இறந்தார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களில் பிழைத்தது ஒரே ஒரு வழிகாட்டி.

பாலைவனத்தில் வெள்ளமா என்று ஆச்சர்யமாக இருக்கலாம். பாலைவனம் என்பதால்தான் வெள்ளம். காடும் புல்லும் உள்ள மண், பருத்தி பனியன் மாதிரி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். வெயிலில் இறுகிய மண்ணும் மொட்டைப் பாறையும் பாலியஸ்டர் ரெயின்கோட் மாதிரி. விழுந்த அத்தனை நீரும் வழிந்து ஓடும். பெரிய பரப்பில் விழுந்த மழை முழுவதும் ஒரு குறுகிய சந்துக்குள் நுழையும்போது அகலமாகப் பரவ வழியில்லை. உயரத்தான் முடியும். கணுக்கால் அளவுத் தண்ணீர் நிமிடங்களில் தலைக்கு மேலே போய்விடும். ஏறித் தப்பிக்க இரண்டு பக்கமும் வழுக்கும் சுவர்தான்.

அமெரிக்காவின் சயான் தேசியப் பூங்காவில் 2015 செப்டம்பர் 14 அன்று கீஹோல் கேன்யன் என்ற இடுக்குக்குள் இறங்கிய 7 பேர் இப்படித்தான் இறந்தார்கள். ஜோர்டான் நாட்டின் புகழ்பெற்ற பெட்ரா நகரத்துக்குள் நுழையும் 'சிக்' என்ற குறுகிய பாறை வழியில் 1963-ல் வந்த வெள்ளம் 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. இத்தனைக்கும், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு வாழ்ந்த நபாத்தியர்கள், வெள்ளம் அந்தச் சந்துக்குள் வராமல் திருப்பிவிட அணையும் சுரங்க வாய்க்காலும் கட்டி வைத்திருந்தார்கள். அந்த ஓடையின் குணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

'வேண்டாமுங்ணா'

காருக்குள் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டுவிட்டார். இளைஞர் கதவுக்கு வெளியிலேயே நின்றார்.

"வேண்டாமுங்ணா. அங்க போக வேண்டாம்."

"ஏந்தம்பி?"

"இங்க ரத்து பண்ணினதுக்கு என்ன காரணமோ, அதே காரணம் அங்கயும் இருக்கும். இங்கயாவது தடுக்க ஒரு ஆள் இருக்காங்க. அங்க அதுவும் இல்ல."

சம்பளம் கொடுக்கும் முதலாளியிடம் 'வேண்டாம்' என்று சொல்வது அவ்வளவு சுலபமில்லை. அதுவும் சொந்தச் செலவில் அமெரிக்கா அழைத்து வந்தவரிடம். ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் ராத்திரி பகலாக நின்று வேலையை முடிப்பவர்தான் நல்ல ஊழியர் என்று பழகிய ஊர் திருப்பூர். 'முடியாது' என்ற வார்த்தைக்கு அங்கே மதிப்பு குறைவு. பள்ளத்தாக்கில் அந்தப் பழக்கம் ஆளைக் கொன்றுவிடும். மழைக்கு டெலிவரி தேதி தெரியாது.

சில நொடிகள் யாரும் பேசவில்லை. "பயந்தாங்கொள்ளிய கூட்டிட்டு வந்தது என் தப்பு" என்று முணுமுணுத்தார் முதலாளி. ஆனாலும் வயர் பாஸுக்கு வண்டி போகவில்லை. பேஜ் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹார்ஸ்ஷூ பெண்டுக்குப் போனார்கள். கொலராடோ ஆறு குதிரை லாடம் மாதிரி வளைந்து ஓடுவதை மேலே மேட்டில் நின்று பார்க்கும் இடம். முதலாளி நாற்பது செல்ஃபி எடுத்தார்.

அன்று மாலை வயர் பாஸில் வெள்ளம் வந்ததா, வரவில்லையா? அவர்கள் யாருக்கும் தெரியாது. திருமூர்த்தி மலையில் கண்ணெதிரே கிடைத்த சாட்சி இங்கே கிடைக்கவில்லை. திரும்பி வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. ஒன்றும் நடக்காத ஒரு நாளும், கொஞ்சம் கேலியும்தான் மிஞ்சும். அதனால்தான் திரும்புவது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

போகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் வீடுகள் இப்போது நம் ஊரில் ஏராளம். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிகளும் இந்த இடங்களுக்கெல்லாம் போய் வருகிறார்கள். போவதில் தவறே இல்லை. சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

முதலில், மாதம். அரிசோனா, யூட்டா பகுதிகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம். பெரும்பாலும் பிற்பகலில்தான் இடிமழை வரும். அந்த மாதங்களில் போக நேர்ந்தால் காலை நேர டூரைத் தேர்ந்தெடுக்கலாம்.

இரண்டாவது, வானிலை அறிக்கை. நீங்கள் நிற்கும் ஊருக்கு மட்டும் பார்த்தால் போதாது. அந்த ஓடைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ, அந்த மேட்டுப் பகுதிக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சயான் போன்ற பூங்காக்களில் அன்றன்றைக்கு வெள்ள வாய்ப்பு எவ்வளவு என்று அறிவிக்கிறார்கள். அங்குள்ள பூங்கா அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது நல்லது.

மூன்றாவது, வழிகாட்டி. ஆன்டெலோப் கேன்யனுக்குள் நவஹோ அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் நுழைய முடியாது. 1997-க்குப் பிறகு பாறையில் பொருத்திய இரும்பு ஏணிகளும் எச்சரிக்கை ஏற்பாடுகளும் வந்திருக்கின்றன. முதன்முறை போகிறவர்கள், குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் இப்படி வழிகாட்டியோடு போகும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். கீழ்ப்பகுதியில் செங்குத்தான ஏணிகள் உண்டு. முட்டிவலி உள்ளவர்களுக்கு அதைவிட மேல்பகுதிதான் வசதி.

நான்காவது, தண்ணீரும் உடையும். பாலைவன வெயிலில் நாள் முழுக்க நடப்பவருக்கு ஏறத்தாழ 4 லிட்டர் குடிநீர் தேவை. தனியாக நடந்து செல்லும் ஆழமான இடுக்குகளில் வெயிலே படாத குட்டைகள் இருக்கும். அந்த நீர் ஐஸ் மாதிரி குளிரும். அங்கே நனைந்த பருத்தி உடை சீக்கிரம் காயாமல் உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும். பருத்தி பனியன் விற்கும் ஊர்க்காரர்களாக இருந்தாலும், அந்த ஒரு நாளைக்குச் சீக்கிரம் உலரும் துணிதான் சரி.

ஐந்தாவது, அடையாளங்கள். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, குச்சியும் இலையும் மிதந்து வந்தாலோ, தூரத்தில் இரைச்சல் கேட்டாலோ, பையையோ செல்போனையோ எடுக்க நேரம் செலவழிக்காமல் உடனே உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். வந்த வழியே ஓடித் தப்பிக்கலாம் என்று நினைக்கக்கூடாது. வெள்ளம் நம்மைவிட வேகமாக ஓடும்.

கடைசியாக, ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று. பாறை இடுக்குக்குள் சிக்னல் கிடைக்காது. ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த '127 ஹவர்ஸ்' படத்தைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அது உண்மைக் கதை. 2003 ஏப்ரலில் யூட்டாவின் புளூஜான் கேன்யனுக்கு ஆரன் ரால்ஸ்டன் என்ற இளைஞர் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனார். உருண்ட பாறையில் கை மாட்டிக்கொண்டது. அவரைத் தேடி எங்கே வருவது என்று யாருக்கும் தெரியவில்லை. 127 மணி நேரத்துக்குப் பிறகு தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

நம்ம ஊர்ப் பள்ளங்கள்

இதற்காக அமெரிக்கா வரை போக வேண்டியதுகூட இல்லை. 2011 நவம்பரில் திருப்பூர் நகருக்குள்ளேயே ஜம்மனை ஓடையில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளை அடித்துச் சென்றது, உயிர்களையும் சேர்த்து. வருடம் முழுக்கக் கழிவுநீர் மட்டுமே ஓடும் பள்ளம் என்று எல்லோரும் நினைத்திருந்த இடம் அது. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். ஆட்கள் அலறியடித்து ஓடும் அந்த வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும்.

ஆபத்து தண்ணீராக மட்டும் வருவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேற்றக் குழுவினரைச் சூழ்ந்தது. சென்னை மட்டுமல்ல, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் போனவர்கள் அதில் இருந்தார்கள். அதன்பிறகு மலையேற்றத்துக்கு விதிமுறைகள் கடுமையாயின. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கி, 40 பாதைகளில் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு அழைத்துப்போக ஏற்பாடு செய்தது. அந்த வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலைக்காரர்கள். எந்தப் பள்ளத்தில் எப்போது தண்ணீர் இறங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

காலை ஆறரை மணி

பேஜில் மாலை ஆறு மணி. திருப்பூரில் அப்போது மறுநாள் காலை ஆறரை. அம்மா எழுந்து வாசல் தெளித்து முடித்திருப்பார் என்று கணக்குப் போட்டு, இளைஞர் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் செய்தார்.

"பாத்துட்டியா கண்ணு, அந்தக் குகைய?"

"இல்லம்மா. மழை வரும்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அங்க மழையா பெய்யுது?"

"இல்ல. நல்ல வெயில்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அம்மா சிரித்தார். "திருமூர்த்தி மலை மாதிரியேவா?"

"அதே மாதிரிதாம்மா. முதலாளிக்குத்தான் கோவம்."

"கோவப்பட்டா படட்டும். அவரு வூட்லயும் அவருக்குப் புள்ள குட்டி காத்துக்கிட்டு இருக்கும்ல? சரி, சாப்டியா?"

அதே கண்காட்சி பிப்ரவரியிலும் லாஸ் வேகாஸில் நடக்கிறது. அது பருவமழை மாதம் இல்லை. அடுத்த முறை பிப்ரவரியில் வந்து, இரண்டு நாள் சேர்த்து லீவு போட்டு, அம்மாவையும் அழைத்து வரவேண்டும் என்பது அவர் ஆசை. லட்சக்கணக்கான வருடங்களாகத் தண்ணீர் செதுக்கிய பாறை அது. இன்னும் ஆறு மாதம் அங்கேயேதான் இருக்கும்.